இரவிற் கரை கடக்கும் புயல்

வடகிழக்குப் பருவக் காலத்தில் வங்காள விரிகுடாவில் உண்டாகும் புயல்கள் பகலென்றும் இரவென்றும் பார்த்துக் கரையேறுவதில்லை. ஆயினும் ஒரே வேகமுள்ள காற்று பகலில் வீசுவதால் விளையும் கேட்டுக்கும் இரவில் வீசுவதால் விளையும் கேட்டுக்கும் வேற்றுமை உண்டு. தென்னைக்கும் வாழைக்கும் கூரைக்கும் நேரம் தெரியாது. அவற்றின் சேதம் எப்பொழுதாயினும் ஏறக்குறைய ஒன்றே. மனிதருடைய உயிர், கட்டுத்தறியில் நிற்கும் கால்நடை, நீர் நிறைந்து நிற்கும் ஏரிக்கரை ஆகிய மூன்றிலேதான் அவ்வேற்றுமை காணப்படுகிறது. இம்மூன்றையும் காப்பதற்குரிய வேலைகள் யாவும் வெளிச்சத்தில் செய்யத் தக்கவை. இருட்டிய பின்பு அவற்றுட் பெரும்பான்மையானவற்றைச் செய்ய இயலாது. செய்ய முயன்றவர்களே பல சமயங்களில் மாண்டிருக்கின்றனர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டொர்னேடோ என்னும் சுழல்காற்று, மேகத்தினின்றும் யானைத் துதிக்கை போல நிலத்தில் இறங்கிச் சில நிமிஷங்களில் ஊரையே வாரிச் செல்வதுண்டு. 1950-ம் வருஷம் முதல் 2005-ம் வருஷம் வரை அந்நாட்டில் உண்டான அத்தகைய காற்றுகளை ஆராய்ந்த அறிஞர்கள், அவற்றுள் நூற்றுக்குச் சுமார் 27 மட்டுமே இரவில் உண்டானவை என்றும், மாண்ட மக்களுள் நூற்றுக்குச் சுமார் 39 பேர் இரவுக் காற்றுக்கே இரையானவர்கள் என்றும் கண்டனர். உறக்கம், காற்று வருவது கண்ணுக்குப் புலப்படாமை, உறுதியற்ற வீடுகளில் இரவில் யாவரும் ஒருங்கே தங்கியிருத்தல் ஆகியவற்றையே இதற்குக் காரணமாகக் கூறுகின்றனர். நம் பக்கத்தில் அத்தகைய காற்று அபூர்வம். நமக்கு நேருவது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள கடற்புயல். அது டொர்னேடோவைப் போலச் சில நிமிஷ அவகாசத்தில் வருவதன்று. இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே அதன் வரவு தெரிந்துவிடுகிறது. மேற்சொன்ன மூன்று காரணங்களும் நமக்கும் பொருந்துவனவேயாயினும், அவற்றை வெல்லுதற்கு நமக்குள்ள அவகாசம் அவர்களுக்கு இல்லை.

அவ்வவகாசம் கிட்டாதபோது நேருவது யாது என்பதற்கு 1964-ம் வருஷம் டிசம்பர் மாதம் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடியில் நிகழ்ந்தது ஒன்றே போதுமானது. நள்ளிரவுக்குச் சற்று முன்பு பாம்பனிலிருந்து புறப்பட்ட பிரயாணி ரயில், நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களுடன் தனுஷ்கோடியை நெருங்கியது. காற்றினால் சிக்னல் விளக்கு எரியவில்லை என்றும், வண்டியோட்டி சிறிது நேரம் நிறுத்திப் பார்த்து, ஊதலை ஊதிவிட்டு மேலே செலுத்தினார் என்றும் கூறப்படுகிறது. இருமருங்கும் கடல் ஏறி வருவதை இருளில் எவரும் காணவில்லை. பேரலை வண்டியை முழுதும் மூடிவிட்டது, பிழைத்தவர் எவருமிலர். அவ்விரவில் மொத்தம் 1,800 பேருக்குக் குறையாமல் மாண்டனர் என்று கணக்கிடப்படுகிறது. பின்னர் அவ்வூர் குடியிருக்கத் தகாததென்று அரசாங்கத்தாரால் அறிவிக்கப்பட்டது. அதே காற்று நண்பகலில் வீசியிருந்தால் ஊர் அழிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ரயில் பாம்பனிலேயே நின்றிருக்கவும் கூடும்.

1977-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி விடியற்காலத்துக்கு முன் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயலில் 560 பேர் உயிரிழந்தனர். சுமார் 10 லட்சம் பேர் வீடிழந்தனர். விவசாயிகள் நினைவில் வைக்க வேண்டிய தொகை மற்றொன்று: 23,000 கால்நடைகள் அப்புயலில் மாண்டன. கயிற்றில் கட்டப்பட்ட மாடு தானாகத் தப்பியோட இயலாது. இரவில் காற்று முற்றிய பின் கொட்டகைக்குச் சென்று அவிழ்த்துவிடவும் யாராலும் இயலாது.

இதற்கு மாறாக, முன்னேற்பாட்டினால் உயிர்ச்சேதம் குறைந்ததற்கும் சான்றுகள் உண்டு. கிழக்கு வங்காளத்தில் 1970-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி இரவில் வீசிய புயலில் மூன்று லட்சத்துக்குக் குறையாத மக்கள் மாண்டனர். புயல் வருகிற செய்தி அறவே தெரியாமல் இருந்ததென்று சொல்வதற்கில்லை. தெரிந்த செய்தி தீவுகளில் குடிசையில் உறங்குபவரைத் தட்டி எழுப்பவில்லை என்பதே குறை. அதன்பின் பங்களாதேஷ் அரசாங்கமும் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கத்தாரும் சேர்ந்து ஊர்தோறும் தொண்டர் படை ஒன்றை ஏற்படுத்தினர். இப்பொழுது அதில் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் இருக்கின்றனர். அவர்களிடம் அபாயத்தைக் காட்டும் கொடிகளும் உண்டு. கையால் சுழற்றி ஒலிக்கும் ஊதலும், கையொலிபெருக்கியும் உண்டு. கொடி பகலுக்கு, ஊதல் இரவுக்கு. 2007-ம் வருஷம் நவம்பர் 15-ந் தேதி இரவு அந்நாட்டைத் தாக்கிய சிதர் புயல் மிகக் கடுமையானது. அதில் மாண்டவர் சுமார் 3,400 பேர். இதுவும் பெருந்தொகையே, ஆயினும் மூன்று லட்சத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரிஸாவில் 2013-ம் வருஷம் அக்டோபர் 12-ந் தேதி இரவு கோபால்பூருக்கு அருகில் கரையேறிய பைலின் புயலுக்கு முன்பாகச் சுமார் 10 லட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்; ஆகவே பெருத்த உயிர்ச்சேதம் இல்லாமற் போயிற்று.

தமிழ்நாட்டில் 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி, நள்ளிரவு 12½ மணிக்கும் 2½ மணிக்கும் இடையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் நடுவே கஜா புயல் கரை கடந்தது. முந்தின நாள் பகலிலேயே 80,000-க்கு மேற்பட்டோர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். 1977-ம் வருஷத்தில் அதே கடற்கரையில் நேர்ந்த உயிரிழப்போடு ஒப்பிட, இம்முறை இழப்பு பல மடங்கு குறைவு. ஆனால் லட்சக்கணக்கான தென்னைகளும், லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களும் வீழ்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. இரவு ஒன்றில் வந்த புயல் பல இரவுகளைப் பின்னே விட்டுச் செல்லும் என்பதை அவ்வட்டாரத்தார் அறிவர்.

இனி அம்பத்தூர்ப் பகுதியைக் கவனிப்போம். அம்பத்தூர் கடலினின்றும் சுமார் 15 கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறது. ஆவடியும் பூந்தமல்லியும் இன்னும் மேற்கே இருக்கின்றன. ஆகையால் தனுஷ்கோடியை அழித்த கடற்பெருக்கு இங்கு எட்டாது. இதனாலேயே இப்பகுதியார் புயலைக் கடற்கரைக்காரர் விஷயமென்று எண்ணி விடுகின்றனர். இது பெருந்தவறு. காற்று 15 கிலோமீட்டருக்குள் தணிந்து விடுவதில்லை. மழையோ உள்நாட்டிலும் குறைவதில்லை. அன்றியும் இப்பகுதி ஏரிகளின் நாடு. அம்பத்தூர் ஏரியின் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்வது. பருத்திப்பட்டு, நேமம், செம்பரம்பாக்கம், புழல் என்று ஒன்றன்பின் ஒன்றாக நீர்நிலைகள் சூழ்ந்துள்ளன. அம்பத்தூரில் நன்செய் குறைந்து தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகிவிட்டன என்பது மெய்யே. 2011-ம் வருஷத்தில் அவ்வூர் சென்னை மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டும் விட்டது. எனினும் நீர் அந்த எல்லையை அறியாது. திருநின்றவூர், வெள்ளவேடு பக்கங்களில் சம்பா பயிரிடுவோரும், அம்பத்தூரில் வீடு கட்டி வாழ்வோரும் ஒரே நீர்வழித் தொகுதியின் மேலேயும் கீழேயும் இருப்பவர்களே. 2023-ம் வருஷம் டிசம்பர் 3-ந் தேதி இரவும் மறுநாளும் மிக்ஜாம் புயல் கரையேறாமலே கடலோரமாக வடக்கே ஊர்ந்தபொழுது பெய்த மழையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை நீரில் மூழ்கியதை நினைக்கலாம். அப்புயல் கரை கடந்தது ஆந்திராவில் பாபட்லாவுக்கு அருகில், 5-ந் தேதி.

அண்மை வருஷங்களில் இப்பகுதியைத் தொட்ட புயல்களுள் வர்தா 2016-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி பிற்பகல் 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையே சென்னைக்கு அருகில் கரையேறியது. நிவர் 2020-ம் வருஷம் நவம்பர் 25-ந் தேதி இரவு 11½ மணி தொடங்கி மறுநாள் 2½ மணிக்குள் புதுச்சேரிக்கு அருகிலும், மாண்டஸ் 2022-ம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி நள்ளிரவையொட்டி மாமல்லபுரத்துக்கு அருகிலும் கரை கடந்தன. ஆக மூன்றில் இரண்டு இரவுப் புயல்கள். வர்தாவின் வேகம் மற்றை இரண்டும் இப்பகுதியில் காட்டிய வேகத்தைவிட மிகுதி. ஆயினும் மரம் சாய்வதையும் தகடு பறப்பதையும் கண்டு ஒதுங்கி நிற்க ஜனங்களுக்கு வெளிச்சம் இருந்தது. அத்தகைய புயல் ஒன்று நள்ளிரவில் இப்பகுதிக்கு நேரே வருமாயின் நேரக்கூடியது யாது என்று ஒவ்வொரு கிராமத்தாரும் சிந்தித்துப் பார்த்தல் நலம்.

இருட்டில் புயலின் போக்கை அறிதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நம் பக்கத்துப் புயலின் காற்று கடிகார முள்ளின் போக்குக்கு எதிராகச் சுழல்வது. புயல் கிழக்கே கடலில் இருக்கும்பொழுது நமக்கு வடக்கிலிருந்து காற்று வீசும். நிவர், மாண்டஸ் ஆகியவற்றைப் போல அது நமக்குத் தெற்கே கரையேறினால், காற்று வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று படிப்படியாகத் திரும்பும். நமக்கு வடக்கே கரையேறினால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று திரும்பும். வெளியே சென்று பார்க்க வேண்டுவதில்லை. வீட்டின் எந்தச் சுவரில் சாரல் அறைகின்றது என்பதை உள்ளிருந்தே கேட்டு அறியலாம். சாரல் அறையும் சுவர் மெல்ல மெல்ல மாறி வந்தால் புயல் பக்கவாட்டில் கடந்து செல்கிறது என்று பொருள்.

சாரல் வடசுவரை விட்டு மாறாமலே காற்று மேன்மேலும் முற்றி, பின்பு திடீரென அடங்கிவிடுமாயின் அது மிகவும் அஞ்சத்தக்க அறிகுறி. புயலின் நடுவே 'கண்' எனப்படும் அமைதியான பாகம் உண்டு. அது தலைக்கு நேரே வரும்பொழுது காற்று நின்றுவிடும், மழையும் விடும், சில வேளைகளில் நட்சத்திரமும் தெரியும். இவ்வமைதி சில நிமிஷங்களும் நீடிக்கலாம், ஒரு மணி நேரமும் நீடிக்கலாம். அதன்பின் காற்று எதிர்த்திசையிலிருந்து, சற்றும் முன்னறிவிப்பின்றி, முன்போன்ற வேகத்துடனேயே வந்து மோதும். பகலில் நேரும் அமைதியின்போது ஜனங்கள் வாசலில் நின்று, மறுகாற்றின் இரைச்சலைக் கேட்டவுடன் உள்ளே ஓடிவிடலாம். இரவில் அவ்வாறன்று. விடியற்காலத்தில் காற்று நின்றால், புயல் கழிந்தது என்று எண்ணி ஒருவர் மாட்டைப் பார்க்கவும், மற்றொருவர் ஏரியைப் பார்க்கவும், பிள்ளைகள் விழுந்த தேங்காயைப் பொறுக்கவும் விளக்கெடுத்துக் கிளம்பி விடுவர். வடகாற்றில் வேர் அசைந்து பாதி சாய்ந்து நிற்கும் மரங்கள் யாவும் தென்காற்றின் முதல் அடியில் மறுபுறம் வீழ்வன. ஆகையால் காற்று மெல்ல மெல்லத் தணிந்தாலன்றி, திடீரென நின்ற காற்றை நம்பி எவரும் கதவைத் திறத்தலாகாது. புயல் கடந்துவிட்டது என்று வானிலை நிலையத்தார் அறிவிப்பதை, மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தால், தெரிந்துகொள்ளலாம். கைப்பேசிகள் அந்நேரத்தில் உதவும் என்று எண்ணுதற்கில்லை. மின்சாரம் நின்று சில மணி நேரத்தில் கோபுரங்கள் செயலற்றுப் போவதுண்டு.

காற்றின் திசைக்கும் ஏரிக்கரைக்கும் உள்ள தொடர்பு பலரால் கவனிக்கப்படுவதில்லை. இப்பகுதியில் நிலம் கிழக்கே சாய்ந்திருப்பதால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் புறத்தில் உள்ளது. புயல் தெற்கே கரையேறிக் கீழ்க்காற்று வீசும்பொழுது அலைகள் கரையை விட்டு விலகி மேற்கே தள்ளப்படும். புயல் வடக்கே கரையேறி மேல்காற்று வீசினாலோ, நிறைந்த ஏரியின் அலைகள் முழுதும் கரையின் மீதே வந்து மோதும். கல் பாவாத கரை இத்தகைய மோதலை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்குவது அரிது. ஆகவே முன்னறிவிப்பில் புயல் நமக்கு வடக்கே கரையேறும் என்று காணப்பட்டால், அதை நற்செய்தியாகக் கொள்ளாமல், கரையின் உட்புறத்தில் மெலிந்த இடங்களை மண்மூட்டைகளாலும் தழைக்கட்டுகளாலும் அன்று பகலிலேயே போர்த்துவிட வேண்டும்.

நீரை எப்பொழுது வெளியேற்றுவது என்பதும் வெளிச்சத்தைப் பொறுத்ததே. பூந்தமல்லிக்கு அண்மையிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் முழு மட்டம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி பெருமழையில் அவ்வேரியிலிருந்து இரவில் வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் விடப்பட்டது. அது புயலன்று, எனினும் அடையாற்றங்கரையில் உறங்கிக் கொண்டிருந்தவர்கள், ஆற்றின் நீரோடு மேலேயிருந்து வந்த நீரும் சேர்ந்து வீட்டுக்குள் புகுந்தபின்பே விழித்தனர். 2020-ம் வருஷம் நிவர் புயலின்போது அதே ஏரி, நீர்மட்டம் 22 அடியை எட்டியவுடன், நவம்பர் 25-ந் தேதி நண்பகலிலேயே திறக்கப்பட்டது. முதலில் வினாடிக்கு 1,000 கன அடி. பின்பு வரவுக்கு ஏற்பப் படிப்படியாக உயர்த்தப்பட்டது. கரையோரத்தார் பகலில் அறிவிப்பைக் கேட்டு, பகலிலேயே வெளியேறினர். இவ்விரு வருஷங்களிலும் பெய்த மழையின் அளவு ஒன்றன்று என்பது உண்மை. ஆயினும் பெரிய ஏரியில் கைக்கொண்ட அம்முறையைச் சிறு ஏரிகளுக்கும் கொள்ளலாம். புயலுக்கு முந்தின பகலில் மதகின் திருகும் பலகையும் இயங்குகின்றனவா என்று பார்த்து, நீர்வளத் துறையினரின் அநுமதியுடன் ஓரிரண்டு அடி நீரைக் குறைத்து வைத்தல், நள்ளிரவில் கலங்கல் மேல் நீர் புரளும்பொழுது மதகைத் தேடிச் செல்வதைக் காட்டிலும் எவ்வளவோ மேல். சேமித்த நீரை விட்டுவிட மனம் வராதென்பது இயற்கையே. டிசம்பர் மாதத்து ஏரி நீர் பின்போகத்துக்கு எவ்வளவு அருமையானது என்பதைக் குடியானவருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் உடைந்த ஏரியில் அந்த இரண்டடியும் நில்லாது, மற்றதும் நில்லாது.

கலங்கலிலும் வாய்க்காலிலும் அடைந்துள்ள ஆகாயத் தாமரை, பிளாஸ்டிக் பைகள், வெட்டிப் போட்ட மரக்கிளைகள் முதலியவற்றைப் பகலில் நீக்குவது குடிமராமத்து வழக்கமுள்ள ஊர்களில் அரைநாள் வேலை. இரவில் அது உயிருக்கு அபாயமான வேலை.

இரவில் கரைக் காவல் அவசியமாயின், கடுங்காற்று வீசும் நேரத்தில் எவரையும் கரைமேல் அனுப்பலாகாது. காற்றுத் தணிந்த பின், இருவர் இருவராக, நல்ல கைவிளக்கு, நீண்ட கயிறு, கோல் ஆகியவற்றுடன் செல்ல வேண்டும். அவர்கள் முதன்மையாகப் பார்க்க வேண்டியது கரையின் மேற்பகுதியை அன்று. வெளிச்சரிவின் அடியில் கசியும் நீரையே. கசிவு எல்லாக் கரைகளிலும் உண்டு. கசியும் நீர் தெளிந்திருக்கும்வரை கரைக்கு உடனடி அபாயமில்லை. கலங்கி வருமாயின் கரையின் உள்மண் அரித்துக் கொண்டு வருகிறது என்று பொருள். விளக்கு வெளிச்சத்தில் தெளிவையும் கலக்கத்தையும் தரையில் பார்த்துப் பகுத்தறிவது கடினம். ஆகையால் வெள்ளைப் பீங்கான் கிண்ணம் அல்லது கண்ணாடிக் குவளை ஒன்றைக் கொண்டு சென்று, அரை மணிக்கொருமுறை கசிவு நீரைப் பிடித்துப் பார்த்தல் வேண்டும். கலங்கல் நீர் கண்டவிடத்தில், வெளிவாயை மண்ணால் அடைக்க முயல்வது தவறு. அடைத்தால் நீர் வேறோரிடத்தில் இன்னும் பெரிதாகப் பிளந்து கொள்ளும். அவ்வாயைச் சுற்றி மண்மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே நீர் சிறிது உயர்ந்து நிற்கும்படி செய்தால் அரிப்பு தணியும். உட்புறத்தில் நண்டு வளையோ எலி வளையோ காணப்பட்டால் அதை அடைக்கலாம். இவை செய்யப்படும்பொழுதே ஒருவர் கீழ்ப்பக்கத்துக் குடியிருப்புகளுக்கு விரைந்து செல்ல வேண்டும். கரை நிற்கும் என்ற நம்பிக்கையில் செய்தி சொல்லாமல் இருத்தல் கூடாது.

கால்நடைகளைப் பற்றி முன்பே சொல்லப்பட்டது. புயலுக்கு முந்தின மாலையில், தகடு வேய்ந்த அல்லது மெலிந்த ஓட்டுக் கொட்டகைகளிலுள்ள மாடுகளை வெளியேற்றி, மரமும் மின்கம்பியும் இல்லாத மேட்டு நிலத்தில், இயன்றவரை கட்டாமல் விடுதல் நன்று. கட்டியே தீரவேண்டுமாயின் கழுத்துக் கயிறு எளிதில் அவிழும் முடிச்சாக இருத்தல் வேண்டும். இரண்டு நாளைக்கு வேண்டிய வைக்கோலை நனையாத இடத்தில் எடுத்து வைப்பதும், காதில் அடையாள வில்லை உள்ளதா என்று பார்ப்பதும் அம்மாலையில் செய்யத்தக்கவை. பின்னவை நிவாரணம் கோருங்கால் உதவும்.

பயிரைப் பொறுத்தவரை செய்யக்கூடியது சிறிதே. நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் முற்றிய நெல்லை அறுத்துவிடலாம். இளம்பயிரில் வடிகால் வாய்களைத் திறந்து வைக்கலாம். தென்னையில் முற்றிய குலைகளையும் கீழ்மட்டைகளையும் இறக்கிப் பாரத்தைக் குறைக்கலாம். வாழைக்கு முட்டுக் கொடுக்கலாம். முருங்கையைக் கிளை நறுக்கலாம். பம்பு செட்டின் மின் இணைப்பைத் துண்டித்து வைத்தல் மறக்கத்தகாதது. இவை யாவும் மாலை 4 மணிக்குள் முடிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் வயலில் நிற்பவர் பயிருக்காகத் தம் உயிரைப் பணயம் வைப்பவராவர்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் செய்ய வேண்டியவற்றுள் முதன்மையானது, எந்தெந்த வீடுகள் இரவில் தங்கத் தகாதவை என்ற பட்டியலை அக்டோபர் மாதத்திலேயே எழுதி வைத்துக் கொள்வது. குடிசைகள், கல்நார்த் தகடு வேய்ந்த வீடுகள், பெருமரத்தின் கீழுள்ள வீடுகள், ஏரியின் வெளிச்சரிவை ஒட்டியவை, செங்கற் சூளைகளிலும் கட்டட வேலைகளிலும் உள்ள வெளியூர்த் தொழிலாளர் கொட்டகைகள் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். கடைசியில் சொல்லப்பட்டவர்களுக்குத் தமிழில் வரும் குறுஞ்செய்தியால் பயனில்லை. அவர்களது மொழியில் பேசக்கூடிய மேஸ்திரி ஒருவரின் மூலமாகவே செய்தி செல்ல வேண்டும். அம்பத்தூர், ஆவடிப் பக்கங்களில் இத்தகையோர் பலர் இருப்பதால் இது சிறு விஷயமன்று. பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் பட்டியலில் எழுதத்தக்கதே. மழையில் நனைந்த குடும்பம் பூட்டிய கதவின் முன் நிற்பது, சாவியை முன்கூட்டியே வாங்கி வைக்காததன் விளைவு.

முற்காலத்தில் தண்டோரா மூலம் செய்தி அறிவிக்கப்பட்டது. 2022-ம் வருஷத்தில் அரசாங்கம் அவ்வழக்கத்தை நிறுத்தி, வண்டியிலேற்றிய ஒலிபெருக்கியைக் கொள்ளும்படி உத்தரவிட்டது. ஒலிபெருக்கி வண்டி காற்றுக்கு முன்பு செல்லலாம். காற்றின்போது செல்ல இயலாது. மாலையில் சொன்ன செய்தி நள்ளிரவில் மாறுவதுமுண்டு. புயல் விரைந்து வரலாம், திசை திரும்பலாம், ஏரி திறக்கப்படலாம். ஆகையால் பத்து வீடுகளுக்கு ஒருவர் வீதம், முறை வைத்து விழித்திருக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். முதற் சாமத்தில் ஒருவர், நடுச்சாமத்தில் ஒருவர், விடியற்சாமத்தில் ஒருவர் என்று பிரித்துக் கொண்டால் எவருக்கும் பெருஞ்சிரமம் இல்லை. விழித்திருப்பவர் கையில் வானொலி, ஊதல், விளக்கு ஆகிய மூன்றும் இருத்தல் போதுமானது. கோயில் மணி, தேவாலய மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஆகியவற்றுள் எதை எத்தனை முறை ஒலித்தால் எப்பொருள் என்பதைப் பகலில் ஊரார் கூடி முடிவு செய்து கொள்ளலாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070. தொலைபேசி இயங்கும்வரை இவை உதவும்.

இரவில் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் சில கூறத்தக்கன. மின்சாரம் பெரும்பாலும் முன்னெச்சரிக்கையாக நிறுத்தப்படும். ஆகையால் விளக்குகளையும் கைப்பேசிகளையும் மாலைக்குள் மின்னேற்றி வைத்தல் வேண்டும். மூடிய அறைக்குள் ஜெனரேட்டரை இயக்குவதும், கரியடுப்பை மூட்டி வைத்து உறங்குவதும் நஞ்சுப் புகையால் உயிரைப் போக்கும். காற்று அறையும் சுவருக்கு எதிர்ப்புறத்து உள்ளறையில், மரத்துக்கு விலகிய பக்கத்தில், யாவரும் ஒன்றாகப் படுத்தல் வேண்டும். செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வது அற்பமாகத் தோன்றலாம். கண்ணாடித் துண்டும் தகட்டுத் துண்டும் நிறைந்த இருட்டில் வெறுங்காலோடு இறங்கினவர்கள் அதன் அருமையை அறிவர்.

விடிந்தவுடன் வெளியே வருபவர் முதலில் பார்க்க வேண்டியது தலைக்கு மேலே தொங்கும் கம்பியையும் காலடியில் நீருக்குள் கிடக்கும் கம்பியையும். மின்சாரம் இல்லை என்று தெரிந்திருந்தும், மீண்டும் எந்நேரத்திலும் பாயக்கூடும் என்றே கருதுதல் வேண்டும். பாம்புகள் வெள்ளத்தினின்றும் தப்பி வைக்கோற் போரிலும் மண்மூட்டையிலும் ஒண்டியிருக்கும். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறுகள் நீரோடு நீராக மறைந்திருக்கும். இவற்றின் இடத்தைச் சிவப்புத் துணி கட்டிய கோலால் முன்பகலிலேயே அடையாளம் செய்திருப்பது நல்லது.

சேதக் கணக்கெடுப்புக்காக, விழுந்த மரத்தையும் சாய்ந்த பயிரையும் நகர்த்துமுன் புகைப்படம் எடுத்துக் கொள்ள வேண்டும். நூற்றுக்கு 33 பங்கும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கே பேரிடர் நிவாரணம் உண்டாதலால், அடங்கலில் பயிர்ப் பதிவு சரியாக இருப்பது இன்றியமையாதது. அறுத்து வயலில் உலரப் பரப்பிய பயிர் புயல் மழையால் கெட்டதாயின், பயிர்க் காப்பீடு செய்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தல் வேண்டும். அறுவடையாகி 14 நாட்களுக்கு உட்பட்ட பயிருக்கே இவ்வுரிமை உண்டு. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத நாட்களில் 72 மணி நேரம் விரைவில் கழிந்துவிடும். ஆகையால் காப்பீட்டு ரசீது, பட்டா, அடங்கல் நகல், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு, ஊருக்கு ஒருவராவது வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு நேரிற் சென்று, ஊரார் அனைவருக்குமாக எழுத்து மூலம் தெரிவித்துக் கையொப்பம் பெற்று வருதல் தக்கது.